சிறப்பு விருந்தினர் நாற்காலி

ஒரு காலத்தில் எங்கள் மாநிலத்தில் விளையாட்டு இருந்தது, அதற்கென்று சட்டம் இல்லை. முன்னோடி மாநிலம் என்று சொல்லிக்கொள்ள வழி கிடைத்தால் எங்களுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எனவே சட்டம் எழுத ஓர் எழுத்தரைக் கபடிப் போட்டிக்கு அனுப்பி, கண்ணில் படுவதையெல்லாம் பட்ட வரிசையில் எழுதி வரச் சொன்னோம்.

எங்கள் ஊர்ப் போட்டியில் கண்ணில் என்ன படும்? பந்தல், வரவேற்புரை, மாலை, பொன்னாடை. நாற்பத்திரண்டு பிரிவுகளில் நாற்பத்தொன்று இவற்றுக்கே போயின. கடைசிப் பிரிவில், 'பிறகு ஆட்டம் நடைபெறும்' என்று இருந்தது.

எட்டு மாநிலங்கள் அதை வாங்கிப்போய் ஒரு புள்ளி மாறாமல் எழுதிக்கொண்டன. சட்டப் புத்தகத்துக்குத் தலைகால் புரியவில்லை. போட்டி நடக்கும் இடமெல்லாம் மேசைமேல் பட்டுத்துணி விரித்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு சித்திரை மாதம், பெண்கள் கபடி இறுதிப் போட்டி. சிறப்பு விருந்தினர் வழக்கம்போல் வந்துகொண்டே இருந்தார். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. அதில் வேறு யாராவது உட்கார்ந்தால் ஆட்டம் ரத்து என்பது ஏழாம் பிரிவு.

முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, எதிரணிப் பக்கம் கபடி பாடிப் போன சந்தனமாரி முழங்கால் மடங்கி விழுந்தாள். அவள் அணி இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. ஜெயித்தால் அவளுக்கு மாநில அணியில் இடம் உறுதி.

தோழிகள் அவளைக் கோட்டுக்கு வெளியே தூக்கிவந்தார்கள். தரை தோசைக்கல்லாகக் கொதித்தது. அங்கே இருந்த ஒரே நாற்காலியை நடுவர் இருதயராஜ் பார்த்தார்.

"வேணாம் சார், ஆட்டம் ரத்தாயிரும். நான் தரையிலயே கெடக்கேன்" என்றாள் சந்தனமாரி. வலியில் உதட்டைக் கடித்திருந்தாள்.

நடுவர் கழுத்தில் தொங்கிய விசில் சட்டப் புத்தகத்தைக் கேட்டது. "அடிபட்டவங்களுக்கு உன்கிட்ட என்ன இருக்கு?"

புத்தகம் தன்னைத்தானே புரட்டிப் பார்த்தது. "மாலை எத்தனை முழம்னு இருக்கு. மைக் டெஸ்ட் எத்தனை தடவைன்னு இருக்கு" என்று இழுத்தது.

நாற்காலி குறுக்கிட்டது. "மூணு மணி நேரமா வராத ஆளைத் தாங்கிக்கிட்டு நிக்கிறேன். வந்த பிள்ளையைத் தாங்கக் கூடாதாம். உன்னை எழுதினவன் ஆட்டத்தைப் பார்த்தானா, இல்ல பந்தலையே பார்த்துக்கிட்டு இருந்தானா?"

புத்தகத்துக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

"இந்நேரம் எட்டு மாநிலத்துலயும் இப்படி ஒருத்தி தரையில் கிடப்பாளே. நான் முன்னோடியாம், முன்னோடி" என்று முனகியது.

காற்றடித்ததோ, வெட்கம்தானோ, ஏழாம் பிரிவு இருந்த தாள் கழன்று விழுந்தது. இருதயராஜ் அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துவந்து சந்தனமாரியை உட்கார வைத்தார்.

எதிரணிப் பயிற்சியாளர் ஓடிவந்து ஏழாம் பிரிவு என்னவாயிற்று என்று கேட்டார். இருதயராஜ் புத்தகத்தை விரித்துக் காட்டினார்.

"ஆறுக்கு அப்புறம் எட்டுதான் சார் இருக்கு."

எட்டாம் பிரிவு, அந்த நாற்காலியில் அமர்பவருக்குப் பொன்னாடை போர்த்தச் சொன்னது. கபடிச் சங்கச் செயலாளரின் கைக்குப் பழக்கதோஷம். வலியில் அழுதுகொண்டிருந்தவள் தோளில் பொன்னாடையைப் போர்த்திவிட்டு, போட்டோவுக்கு நின்றார். அதற்கப்புறம்தான் கரும்புச்சாறு வண்டியிலிருந்து ஐஸ்கட்டி வந்தது.

சந்தனமாரியின் அணி அந்த இரண்டு புள்ளியில் ஜெயித்தது. கால் சரியானதும் அவள் மாநில அணிக்கு ஆடப் போனாள்.

நாங்களும் திருந்தினோம். அடிபட்டவர்களுக்கு ஒரு புதிய பிரிவு சேர்க்க முடிவு செய்தோம். அன்றும் பந்தலில் இருந்த பழைய எழுத்தரையே அழைத்தோம். அவரும் அன்று மைதானத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் பட்ட வரிசையில் எழுதிக் கொடுத்தார்.

எட்டு மாநிலங்களும் அதையும் வாங்கிப்போயின. இன்றைக்கும் அங்கெல்லாம் முழங்கால் பெயர்ந்து விழுந்தவருக்கு முதலில் பொன்னாடை, பிறகுதான் ஐஸ்கட்டி.