சாப்பிட்டியோ பிள்ளை

அருளப்பு அண்ணை சொன்ன இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை.

குதிரையின் நிறம்தான் காரணம். முதல் முறை சொன்னபோது அது கறுப்பு. பிறகு ஒரு கலியாண வீட்டில் சொன்னபோது நெற்றியில் பொட்டு வைத்த மண்ணிறம். அதற்கும் பிறகு சாம்பல். நான் பத்திரிகையில் பிழை திருத்துகிறவன். இப்படி ஒன்று கண்ணில் பட்டால் என்னால் தாண்டிப் போக முடியாது. ஒரு மனிதன் தன் குதிரையின் நிறத்தையே மறப்பானா? அல்லது நான்தான் காது கொடுத்துக் கேட்கவில்லையா? இரண்டையும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

அருளப்பு அண்ணை நெடுந்தீவுக்காரர். யாழ்ப்பாணக் கடலில் இருக்கும் அந்தத் தீவின் வெளிகளில் குதிரைகள் கேட்பாரில்லாமல் திரியும். சின்ன வயதில் ஒன்றின் மேல் ஏறி, ஏறிய வேகத்திலேயே கீழே வந்தார். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. விழுந்த அன்றே, தனக்கென்று ஒரு குதிரை வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாராம். பிறகு கனடாவுக்குப் போய், புல்வெளிப் பக்கம் வைக்கோல் லொறி ஓட்டினார். அந்த நாட்டின் ஆதிக்குடிகளின் ஊர் ஒன்றும் அவருடைய பாதையில் இருந்தது. அந்தச் சனம் தங்களுக்கு வைத்திருக்கும் பெயரையும் சொன்னார். எனக்கு அதைச் சரியாக எழுத வராது, விட்டுவிடுகிறேன்.

அந்த ஊரின் குதிரைகளை ஒரு காலத்தில் அதிகாரிகள் வந்து பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். டெல்லா என்ற பெண் மறுபடியும் சில குதிரைகளைக் கொண்டுவந்து, தன் சனத்துக்காகப் பழக்கத் தொடங்கியிருந்தாள். அண்ணையைவிடப் பதினைந்து வயது இளையவள். அவர் வைக்கோலை இறக்கிவிட்டுப் போகாமல் வேலியில் சாய்ந்து நின்றார்.

"உங்கட ஊரிலை குதிரை இருக்கோ?" என்று இங்கிலீசில் கேட்டாள். அண்ணை எனக்கு எல்லாவற்றையும் தன் தமிழில்தான் சொன்னார்.

"இருக்கு, ரீச்சர். ஏறத்தான் ஆளில்லை."

"இஞ்சை ஆள் இருந்தது. குதிரைதான் இல்லை."

"அப்ப நான் ஏறிப் பார்க்கலாமோ?"

"நாளைக்கு வாரும். ஏறுறதுக்கில்லை."

மறுநாள் லொறியைத் தன்னோடு தங்கியிருந்த மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனார். டெல்லா ஒரு இளம் பெண் குதிரையைக் காட்டினாள். யாரும் ஏறாத குதிரை.

"இவளோடை கதையும்."

"என்ன கதைக்கிறது?"

"என்னவும் கதையும். ஆனால் இங்கிலீசு வேண்டாம். இந்தக் குதிரையளின்ரை முன்னோர் அதிலை போதுமான அளவு ஏச்சு வாங்கிட்டினம். இஞ்சை எங்கட பாஷைதான். சொல்லுகளைப் பிள்ளையளிட்டைக் கேட்டுப் பழகும்."

பிள்ளைகளிடம் கேட்டார். அந்தச் சொற்கள் தொண்டையின் அடியிலிருந்து வரவேண்டும். அவருக்கு இருமல்தான் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மற்றவர்கள் பக்கத்தில் நிற்கும்போது இருமினார். தனியே நிற்கும்போது தமிழில் கதைத்தார்.

காலையில் போனதும் முதல் கேள்வி, "சாப்பிட்டியோ பிள்ளை?"

குதிரை நாலு நாளில் அந்தக் குரலுக்குத் தலை நிமிர்த்தியது. பிறகு கிட்ட வந்தது. பிறகு ஓடி வந்தது. நெடுந்தீவில் தண்ணீருக்குப் பட்ட பாடு, மச்சானின் குறட்டை, எல்லாவற்றையும் அதற்குச் சொன்னார். ஒரு பின்னேரம் அது தானாகப் பக்கம் காட்டி நின்றது. ஏறினார். இந்த முறை விழவில்லை.

"அண்டைக்கு நான் அழுதனான்" என்பார். எல்லா முறையும் இந்த இடத்தில் இதே சொல்தான்.

கோடை முடிவில் ஊரே குதிரைகளில் ஆற்றங்கரைக்குப் போவது என்று ஏற்பாடு. பெரியவர்கள் முன்கூட்டியே போய்க் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அருளப்பு அண்ணை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

டெல்லா சொன்னாள், "உம்மடை பிள்ளையிலை இண்டைக்கு லொய்ட் ஏறுவான். இனி அவள் அவனுக்கு."

லொய்ட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். கதவளவு உடம்பு, பூனையளவு குரல்.

"என்ர குதிரையோ?"

"இஞ்சை பழக்கின ஆள் வைச்சிருக்கிறதில்லை. குடுக்கிறது."

"அதை ஆரும் எனக்குச் சொல்லேல்லையே."

"நீர் கேக்கேல்லையே."

லொய்ட் ஏறினான். தன் சனத்தின் பாஷையில் மெல்ல ஒரு சொல் சொன்னான். குதிரை அசையவில்லை. வேறொன்று சொன்னான். அது புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றது. மற்றக் குதிரைகள் புறப்பட ஆயத்தமாகிவிட்டன.

"என்னை இவளுக்குப் பிடிக்கேல்லைப் போலை" என்றான் லொய்ட். "அம்மா ஆத்தடியிலை பார்த்துக்கொண்டிருப்பா."

அருளப்பு அண்ணை வேலியோடு நின்றார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். குதிரை அவரிடமே திரும்பிவிடும். டெல்லா அவரைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி, தன் சேணத்தின் வாரை இழுத்துக் கட்டத் தொடங்கினாள்.

"எவ்வளவு நேரம் சும்மா நிண்டியள்?" என்று நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"கன நேரம் நிண்டிட்டன் தம்பி. அதை விடு."

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, கீழே பார்த்தபடி சொன்னார்: "சாப்பிட்டியோ பிள்ளை?"

குதிரை லொய்ட்டையும் சுமந்துகொண்டு நேரே வந்து அவர் தோளில் மூக்கை வைத்தது.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டெல்லாவும் சேணத்தில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். பிறகு, "அதை அவனுக்குச் சொல்லிக்குடும்" என்றாள்.

அண்ணை சொல்லிக் கொடுத்தார். கூப்பிட 'சாப்பிட்டியோ'. நிற்க 'பொறு'. நடக்க 'மெல்ல மெல்ல'. லொய்ட்டின் வாயில் 'மெல்ல' நுழையவே இல்லை. அண்ணை முன்பு இருமியதுபோல இப்போது அவன் இருமினான். ஆனால் குதிரை நடந்தது. ஆற்றங்கரையில் லொய்ட்டின் தாய் கதிரையை விட்டு எழும்பி, "இது என்ன பாஷையடா?" என்று கேட்டதாகப் பிறகு தெரியவந்தது.

எல்லோரும் திரும்பி வந்தபின் அண்ணை டெல்லாவிடம் போனார்.

"பிழை விட்டிட்டன், ரீச்சர். உங்கட பாஷையிலை நடக்கவேண்டிய குதிரை. நான் கெடுத்துப்போட்டன்."

டெல்லா தன் கிழட்டுக் குதிரையைப் பார்த்து ஒரு சொல் சொன்னாள். அது தூரத்திலிருந்து அசைந்து அசைந்து வந்தது.

"இப்ப நான் சொன்னது எங்கட பாஷை இல்லை" என்றாள். "வடக்கிலை இருந்து வந்த ஒரு மனிசன் இவனைப் பழக்கி எனக்குத் தந்தது. ஆள் இப்ப இல்லை. இந்தப் பக்கத்திலை அந்தச் சொல்லு விளங்கிறது இவனுக்கு மட்டும்தான். அதாலை நான் சொல்லவேண்டிக் கிடக்கு."

"என்ன அர்த்தம்?"

"தெரியாது. சாப்பிட்டியோ எண்டு கேட்டவரோ என்னவோ."

அண்ணைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின்தான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது.

"அப்ப எனக்கெண்டு ஒரு குதிரை எப்ப வரும்?"

டெல்லா கிழட்டுக் குதிரையின் கழுத்தைத் தடவினாள்.

"எங்கையோ ஆரோ ஒரு ஆள் இப்ப அதோடை கதைச்சுக்கொண்டிருக்கும். பொறும்."

கதை இவ்வளவுதான்.

இதை எழுதுவதற்கு முன் நிறத்தையாவது உறுதி செய்துகொள்வோம் என்று சென்ற வாரம் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே காலை நேரம்.

"அண்ணை, அந்தக் குதிரை என்ன நிறம்?"

"செவலை."

"போன முறை சாம்பல் எண்டனீங்கள்."

"போன முறை சாம்பல்தானே."

"அதுக்கு முதல் மண்ணிறம். பொட்டு வைச்சது."

"ஓம். அது நல்ல பிள்ளை. பழக்கிக் குடுத்திட்டன், இப்ப ஒரு நேர்ஸ் வைச்சிருக்கிறா."

நான் பேனையைக் கீழே வைத்தேன். அவருடைய குரலுக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், எதுவோ நிதானமாக வைக்கோல் மென்றுகொண்டிருந்தது.

இத்தனை வருடமாகக் கேட்டிருக்கவேண்டியதை அப்போதுதான் கேட்டேன்:

"அண்ணை, அவள் சாப்பிட்டிட்டாளோ?"