பத்துக் குடம் விளக்கெண்ணெய்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்கு ஆசை வந்தது. கடைவீதிக்கே போகாமல் குடிகளுக்குச் சாமான் வீடு தேடி வர வேண்டுமாம். உடனே அரண்மனை அங்காடி திறந்தாயிற்று. சொல்லியனுப்பினால் போதும், ஆள் சுமந்து வந்து வாசலில் வைத்துவிட்டுப் போவான். ஆனால் முதலில் ஒரு கட்டு ஓலையில் கைநாட்டு வைக்க வேண்டும். அதை யாராவது படித்தார்களா? பெருமை பொங்க முதல் கைநாட்டு வைத்த ராஜாவே படிக்கவில்லை!

அதில் இருந்தது இதுதான்: யார் என்ன வாங்கினாலும் அங்காடி குறித்துக்கொள்ளும், அந்தக் குறிப்பைக் கேட்பவர் யாருக்கும் விற்கும்.

ஓடக்காரி பூவாயி தன் மாமியாருக்குக் கண் மருந்து வாங்கினாள். மூன்றாம் நாள், அந்தக் குறிப்பை விலைக்கு வாங்கிய ஓடத்துறைக் குத்தகைக்காரர் அவள் கையிலிருந்து துடுப்பைப் பிடுங்கிக்கொண்டார்.

"உனக்குக் கண்ணு போயிடுச்சாமே? ஜனங்களை நடு ஆத்துல கவுக்கப் பாக்குறியா?"

பாவம், அந்த ஓடம் ஓடினால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். அழுதுகொண்டே அரண்மனை விகடகவி அம்பலவாணனிடம் வந்தாள். அவன் அவளை நேரே சபைக்குக் கூட்டிப் போய் நடந்ததைச் சொன்னான்.

அங்காடி அதிகாரி விசயதரருக்கு அம்பலவாணனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். "பிரபு, ஒளிக்க ஒன்றும் இல்லாதவருக்கு இதில் என்ன நஷ்டம்? விகடகவி அங்காடியை வீணாகப் பழிக்கிறார்" என்று முந்திக்கொண்டார்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. தன் ஆசை அங்காடி அல்லவா! "அம்பலவாணா, அங்காடியால் கேடு உண்டென்று நாளைக்குள் காட்டு. ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. தவறினால் நாட்டை விட்டுப் போ."

"உத்தரவு, மகாராஜா" என்றான் அம்பலவாணன். அப்புறம் வாயே திறக்கவில்லை. அங்காடிக்குப் போனான், ராஜா வாங்கியதைக் குறித்த ஓலையைச் சுட்டிக் காட்டி விலைக்கு வாங்கினான், ஊர் வைத்தியர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டான்.

மறுநாள் சபையில் அண்டை நாட்டுத் தூதர் உட்கார்ந்திருக்கிறார். திமுதிமுவென்று பன்னிரண்டு வைத்தியர்கள் பதறி நுழைந்தார்கள்.

"மகாராஜா! ஒரே வாரத்தில் பத்துக் குடம் விளக்கெண்ணெயா? எத்தனை நாளாக மலச்சிக்கல்?"

"நாடியைக் காட்டுங்கள், பிரபு!"

"பத்துக் குடமா!" என்று தூதர் நாற்காலியை மெல்லப் பின்னால் நகர்த்தினார்.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அட மூடர்களே! அது எனக்கில்லை, பட்டத்து யானைக்கு!"

அம்பலவாணன் அப்போதும் பேசவில்லை. மூலையில் நின்ற பூவாயியைக் கையைப் பிடித்து அழைத்து வந்து ராஜாவின் எதிரே நிறுத்தினான்.

ராஜா அவளைப் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது. "அந்தக் கண் மருந்தும் உனக்கில்லை, அப்படித்தானே அம்மா?"

"மாமியாருக்குங்க. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே, சாமி."

"தப்பு என்னுடையது" என்றார் ராஜா. ஓலைகளை எல்லாம் அப்போதே எரிக்கச் சொன்னார். விசயதரர் தலை கவிழ்ந்துகொண்டு தாமே சுமந்து போனார்.

"துடுப்பு உனக்குத்தான். ஆனால் குத்தகைக்காரர் வாயை அடைக்க வேண்டுமே. உன் கண் நன்றாகத் தெரியும் என்பதற்கு என்ன சாட்சி?" என்று ராஜா கேட்டார்.

பூவாயி சிம்மாசனத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். "மீசைக்குப் பூசின மை இடது பக்கம் வழியுதுங்க, மகாராஜா."

ராஜா மீசையைத் தொட்டார், விரலைப் பார்த்தார், வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அம்பலவாணனுக்கு முத்துமாலை கிடைத்தது. பூவாயிக்குப் புது ஓடமே கிடைத்தது.