யார் கை முழம்?

முன்னொரு காலத்தில், ஆறுகள் தங்கள் இஷ்டத்துக்குத் திசை மாறிக்கொண்டிருந்த நாளில், மருதூர் ராஜ்ஜியத்தில் அஞ்சுகம், வடிவு என்று இரண்டு பூக்காரிகள் இருந்தார்கள். அக்கா அஞ்சுகத்துக்கு வாய் வேகம். யாராவது கணக்கு என்று ஆரம்பிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். தங்கை வடிவோ, இரண்டும் இரண்டும் எத்தனை என்றால்கூட, எதில் இரண்டு என்று கேட்பாள். "என் நத்தைக்குட்டி" என்று அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளுவாள். தாய் தகப்பன் இல்லாத பெண்கள். ஒருத்திக்கு ஒருத்திதான் எல்லாம்.

ஒரு நாள் மல்லிகை பறிக்க மலைத் தோட்டத்துக்குப் போன அஞ்சுகம் திரும்பவில்லை. தேடிப்போன வடிவு அங்கே பார்த்தது என்ன தெரியுமா? ஒரு மண்டபத்தில் அக்கா கல்லாக நின்றாள். கண் மட்டும் உயிரோடு நனைந்திருந்தது. பக்கத்தில் இன்னும் பல கல் மனிதர்கள்.

தூணுக்குப் பின்னாலிருந்து இரட்டை ஆள் உயரத்தில் ஒரு பூதம் வந்தது. தன் கல்யாணத்தை ஒரு மந்திரவாதி சபித்துவிட்டதாகச் சொல்லி மூக்கைச் சிந்தியது. ஒரு கணக்குக்கு விடை வந்தால்தான் சாபம் தீருமாம். தப்பாகச் சொன்னவர் கல்லாகிவிடுவார்.

"மண்டபத்தில் பன்னிரண்டு தூண். தூணுக்கு மூன்று சுற்று பூச்சரம். சுற்றுக்கு ஐந்து முழம். இருபது முழம் நானே தொடுத்துவிட்டேன். மிச்சத்துக்கு நீ எத்தனை முழம் தொடுக்க வேண்டும்? விடை என்ன?"

அஞ்சுகம் ஒரே மூச்சில் நூற்றெண்பது என்றிருந்தாளாம். தொடுத்து வைத்ததை மறந்தே போனாள்.

வடிவு அக்காவின் காலடியில் உட்கார்ந்து மல்லிகை மொட்டுகளைப் பரப்பினாள். முதலில் ஒரே ஒரு தூண். மூன்று சுற்று, சுற்றுக்கு ஐந்து. ஆக, தூணுக்குப் பதினைந்து. அக்காவின் பாதம் இளகியது.

"விடை என்ன?" என்று பூதம் உறுமியது.

"இரு, இன்னும் வரலை" என்றாள் வடிவு.

பன்னிரண்டு தூணுக்கும் நூற்றெண்பது. அக்காவின் இடுப்புவரை சூடு ஏறியது.

"விடை என்ன?"

"இரு, இன்னும் வரலை."

தொடுத்த இருபதைக் கழித்தால் நூற்றறுபது. கழுத்துவரை உயிர் வந்துவிட்டது. ஆனால் உதடு மட்டும் கல்லாகவே இருந்தது.

"விடை என்ன?" பூதம் குனிந்து கேட்டது. நூற்றறுபது வடிவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்காவின் கல் உதட்டைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள். எங்கேயோ எதையோ விட்டிருக்கிறோம்.

மருதூரில் பூ வாங்க வருகிறவர்கள் முதலில் பூவைப் பார்க்க மாட்டார்கள். பூக்காரியின் கையைப் பார்ப்பார்கள். கை நீளமானால் முழமும் நீளம். அது நினைவுக்கு வந்ததும் வடிவு பூதம் தொடுத்த சரத்தை எடுத்துத் தன் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை வைத்து அளந்தாள். இருபது முழச் சரம் நாற்பது வந்தது.

"அண்ணே, நீ சொன்ன முழமெல்லாம் யார் கை முழம்?"

"என் கைதான்."

"தொடுக்கப்போறது நான். உன் ஒரு முழம் எனக்கு ரெண்டு. அப்போ நூற்றறுபது, எனக்கு முந்நூற்றிருபது. இதுதான் விடை."

மண்டபம் அதிர்ந்தது. கல்லெல்லாம் மனிதர்களாகிச் சோம்பல் முறித்தன. அஞ்சுகம் தங்கையைக் கட்டிக்கொண்டு, "நத்தை, வந்துட்டியா" என்று அழுதாள். வடிவும் அழுதாள். ஒன்றும் புரியாமல் பூதமும் சேர்ந்து அழுதது.

எல்லோரும் உட்கார்ந்து பூத் தொடுத்தார்கள். தூணெல்லாம் மல்லிகை மணத்தது. எந்தக் காலத்திலும் வாடாத அந்தத் தோட்டத்தை அக்கா தங்கை இருவருக்குமே சீராகக் கொடுத்தது பூதம். பிறகு, கல்யாண விருந்துக்கு முப்பது பேர் வருகிறார்கள், ஆளுக்கு நாலு இட்லி, எத்தனை சுட வேண்டும் என்று அஞ்சுகத்திடம் கேட்டது.

அஞ்சுகம் வாயைத் திறந்தாள். தங்கையைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"வர்றவங்க மனுஷங்களா, பூதங்களா?"