தொண்ணூற்றைந்தாம் நாள்

தையல்நாயகி ஓர் ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர். வயது நாற்பத்தொன்று. எப்பேர்ப்பட்ட பழைய கையெழுத்தையும் படித்துவிடுவார் என்று பெயர். அவரிடம் எழுத்துப் படிக்க வந்தவர் மருதப்பன். கல்லூரியில் முப்பது வருஷம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபது வயது மூத்த சீடர். தையல்நாயகியை "அம்மா" என்று அழைப்பார். அவர் இவரை "ஐயா" என்பார்.

அந்த ஐப்பசி மழையில் காப்பகத்தின் கூரை ஒழுகியது. காசி யாத்திரை போனவர்களின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் இருந்த அலமாரி நனைந்துபோயிற்று. சென்னையிலிருந்து பழைய தாள்களைச் செப்பனிடுபவர் ஒருவர் வந்து பார்த்தார்.

"பத்துப் புத்தகத்தைக் காப்பாற்றலாம். மிச்சத்தைப் பூஞ்சை விடாது" என்றார்.

எந்தப் பத்து என்று தேர்ந்தெடுக்கும் வேலையை மருதப்பனிடம் விட்டார் தையல்நாயகி.

இரண்டு நாள் கழித்து, மதிய உணவுக்குப் பிறகு, மருதப்பன் பட்டியலோடு வந்தார். கூடவே ஒரு தடித்த புத்தகத்தையும் கொண்டுவந்தார்.

"இதில்தான் அம்மா மனம் நொந்துபோனேன். ஏகாம்பரம் என்ற நாட்டு வைத்தியர் எழுதியது. தன் தாயாரின் அஸ்தியைக் கங்கையில் கரைக்க நடந்தே போயிருக்கிறார். நூற்றெண்பது வருஷத்துக்கு முந்தைய தமிழ். என்ன தெளிவு! சத்திரம், மூலிகை, வழித்துணை, எல்லாம் இருக்கிறது."

"பிறகென்ன?"

"தொண்ணூற்று நாலாம் நாளோடு அவர் கை நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் எவனோ கிறுக்கி வைத்திருக்கிறான். எழுத்துமில்லை, இலக்கணமுமில்லை. காசிக்குப் போய்ச் சேர்ந்தது மாதிரி பின்னால் யாரோ இட்டுக்கட்டிச் சேர்த்ததாக இருக்கும். இதைத் தள்ளிவிட்டேன்."

"படித்தீர்களா?"

"படிக்க வரவில்லை அம்மா. பூதக்கண்ணாடி வைத்துக்கூடப் பார்த்தேன்."

தையல்நாயகி தன் எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"கண்ணால் பார்த்தது போதும் ஐயா. வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வோர் எழுத்தாக."

மருதப்பன் உட்கார்ந்தார். விரலை வைத்துத் தடவித் தடவி ஆரம்பித்தார். முதல் வரி வெறும் சத்தமாக வந்தது. இரண்டாம் முறை சொன்னபோது அந்தச் சத்தம் பேச்சானது.

"வைத்தியரு நேத்துப் போயிட்டாரு. சொரம். எளுதுறதை விட்றாதேன்னு சொன்னாரு. எளுதறேன்."

மருதப்பன் நிமிர்ந்து பார்த்தார். தையல்நாயகி அடுத்த வரியைக் காட்டினார்.

"நருமதைக் கரையில எரிச்சேன். ஆத்தா எலும்பு இருந்த முடிச்சிலயே அவரையும் வச்சுக் கட்டினேன். சொமை கூடல."

மருதப்பன் சட்டென்று பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். வைத்தியரின் அழகான கையெழுத்தில், முன்பு அவர் அசட்டையாகத் தாண்டிப் போன வரிகள் இருந்தன. நாலாம் நாள்: 'சுமைக்காரன் நான் எழுதுவதையே பார்த்திருந்தான். மணலில் அகரம் இட்டுக் காட்டினேன்.' இருபதாம் நாள்: 'இன்று ககர வரிசை. நடந்துகொண்டே சொல்கிறான்.' நாற்பத்தேழாம் நாள்: 'பெருமழை. விறகில்லை. இன்று முதல் இருவருக்கும் ஒரே அடுப்பு, ஒரே பானை.'

"சுமைக்காரனா?" என்றார் மருதப்பன். குரல் தாழ்ந்திருந்தது.

"மேலே படியுங்கள்."

படித்தார். தொண்ணூற்றாறாம் நாள், எழுத்து மறந்து போகிறது, அதனால் தினமும் எழுதுகிறேன் என்றிருந்தது. நூற்றுப் பத்தாம் நாள் காட்டில் புலிச் சத்தம். முடிச்சோடு மரத்தில் ஏறி உட்கார்ந்து, விடிந்தபின் இறங்கி வந்து எழுதியிருந்தார். நூற்றிருபதாம் நாள் சோறில்லை. அடுத்த நாளும் இல்லை. அந்த இரண்டு நாளும் ஒரே ஒரு வரி: 'நடந்தேன்.'

நூற்று நாற்பத்தொன்றாம் நாள் வந்தபோது மருதப்பன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"காசி. கங்கை நம்ம காவேரி மாதிரிதான் இருக்கு. பெருசு. ரெண்டு பேரையும் ஒண்ணா விட்டேன். கை லேசாப் போச்சு. அளுதேன்."

கதை முடிந்தது என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டினார். முடியவில்லை. 'தெக்க போறேன்' என்று தொடங்கி இன்னும் அறுபது பக்கம் இருந்தது.

தையல்நாயகி எழுந்து விளக்கைப் போட்டார். மருதப்பன் அதைக் கவனிக்கவில்லை. இப்போது அவர் விரல் வைத்துப் படிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் அந்தக் கையெழுத்து மெல்ல நிமிர்ந்திருந்தது. ழகரம் வந்திருந்தது. யாரும் திருத்தாமலே 'எளுதினேன்' என்பது 'எழுதினேன்' ஆகியிருந்தது.

கடைசிப் பக்கம் முந்நூற்றிரண்டாம் நாள்.

"ஊர் வந்தாச்சு. வைத்தியரு வீட்டு அம்மா வாசலில் நின்னாங்க. எனக்குப் பின்னாடி யாரு வர்றாங்கன்னு எட்டிப் பாத்தாங்க. நான் புஸ்தகத்தை நீட்டினேன். அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. வாசல்படியில் உக்காந்து முதல் நாளிலிருந்து படிச்சேன். மூணு நாள் ஆச்சு. இந்த இடம் வரைக்கும் படிச்சாச்சு."

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பெயரும் இல்லை.

மருதப்பன் புத்தகத்தை மூடவில்லை. இரண்டு கைகளையும் அந்தப் பக்கத்துக்கு அருகில், அதைத் தொடாமல், மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பட்டியலை எடுத்தார். அதன் தலைப்பில், முதல் எண்ணுக்கும் மேலே இருந்த வெற்றிடத்தில், இந்தப் புத்தகத்தின் பெயரை எழுதினார். பத்தாவதாக இருந்ததை அடித்தார்.

"அம்மா."

"சொல்லுங்கள் ஐயா."

"அவருக்குச் சொன்ன வேலை காசியோடு முடிந்தது. சுமையும் தீர்ந்தது. அந்தக் காலத்தில் ஊர்ப்பக்கம் போகிற யாத்திரிகர் கையில் கடிதம் கொடுத்தனுப்புவார்களே. இதையும் யாரிடமாவது கொடுத்தனுப்பியிருக்கலாம். எதற்காக அவ்வளவு தூரம் திரும்பி நடந்தார்?"

தையல்நாயகி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, தொண்ணூற்றைந்தாம் நாளின் முதல் வரியைப் பார்த்தார்.

"கொடுத்தனுப்பியிருக்கலாம் ஐயா. அந்த அம்மாவுக்கு இந்தக் கையெழுத்தை வேறு யார் படித்துச் சொல்லியிருப்பார்கள்?"