வைக்கோல் பொம்மையின் சிவப்புத் தலைப்பாகை

மழை விட்டுப் பனி இறங்கியதும் செம்பியன்குடி நாட்டில் மூக்கு இல்லாதவர்கள் மட்டும்தான் நிம்மதியாக இருப்பார்கள். மற்ற எல்லோருக்கும் சளிக்காய்ச்சல். போன வருஷம் அது பராங்குச மகாராஜாவையே படுக்கையில் தள்ளியது. கஷாயம் கொடுத்து எழுப்பிய அரண்மனை வைத்தியர் மருதப்பர் வாய் சும்மா இராமல், "இனிக் கவலை இல்லை. உடம்பு எதிரியைப் பார்த்துவிட்டது, மறுபடி உள்ளே விடாது" என்று சொல்லிவைத்தார்.

இந்த வருஷமும் உடம்பு காய்ச்சலை உள்ளே விட்டது. அயல்நாட்டுத் தூதர் பட்டு விரித்துக் காட்டும்போது மகாராஜா தும்மினார். பட்டு பாழ். தூதர் சிரிப்பை அடக்கியதைத்தான் மகாராஜாவால் பொறுக்க முடியவில்லை.

கோட்டைக் காவலின் தலைவர் தளவாய் வயிரவநாதர். தொந்தியைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து அவருக்கு வைத்தியரைக் கண்டால் ஆகாது. பொய் சொன்னவரை மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றித் துரத்த வேண்டும் என்றார். "என் காவலர்களைப் பாருங்கள் மகாராஜா. ஒருமுறை பிடித்த திருடன் மறுமுறை இந்த வாசலை மிதித்ததுண்டா?"

அந்தக் கோட்டையில் ஒரு வழக்கம். பிடிபட்ட திருடனைப் போல வைக்கோல் பொம்மை செய்து வாசலில் நிறுத்துவார்கள். அடையாளம் மறக்காமல் இருக்கக் காவலர்கள் தினமும் அதைச் செருப்பால் அடித்துவிட்டுத்தான் வேலை தொடங்குவார்கள். அப்போது நின்றது, போன வருஷம் மடைப்பள்ளியில் நெய் திருடிய குப்பாண்டியின் பொம்மை. சிவப்புத் தலைப்பாகை, முறுக்கு மீசை.

மறுநாள் காலை கழுதை என்று தீர்ப்பாயிற்று. மருதப்பர் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இந்த வயதில், மொட்டைத் தலையோடு வரும் வைத்தியனிடம் எந்த ஊரில் யார் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்வார்கள்? அப்போது அரசவை விகடர் செங்கோடன் எழுந்து, சிறையிலிருக்கும் குப்பாண்டியை ஒரு நாள் தன்னிடம் விடும்படி கேட்டார். மகாராஜா மூக்கைத் துடைத்தபடி தலையசைத்தார்.

மறுநாள் கழுதை வாசலுக்கு வந்துவிட்டது. சபையில் நெய் மணத்தது. வெள்ளைத் தலைப்பாகை, மழித்த மேலுதடு, கையில் நெய்ச்சட்டியோடு குப்பாண்டி வந்து கும்பிட்டான். செங்கோடன் சொன்னபடி மறுபடி நெய் திருடப் புறப்பட்டவன், முதலில் நொண்டியாக வந்தானாம், பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். முக்காடு போட்டு வந்தானாம், மீசை காட்டிக்கொடுத்துவிட்டது. மீசையை எடுத்ததும் காவலர்களே வழிவிட்டார்களாம்.

அதே நேரம் காவலர்கள் பெருமையோடு ஒருவரைக் கட்டி இழுத்து வந்தார்கள். சிவப்புத் தலைப்பாகை, முறுக்கு மீசை, கன்னத்தில் செருப்புத் தடம். பேத்தியின் காதுகுத்துக்கு வந்த தளவாயின் மாமனார். அவர் வருவது செங்கோடனுக்கு முன்பே தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

தளவாய் வெடித்தார். "அவன் வேஷத்தை மாற்றிக்கொண்டு வந்தால் காவலர்கள் என்ன செய்வார்கள்?"

"வைத்தியரே, உங்கள் வழக்கைத் தளவாயே வாதாடிவிட்டார்" என்றார் செங்கோடன்.

மருதப்பர் முன்னால் வந்தார். கிருமி உடம்புக்குள் தன்னைப்போல் ஆயிரம் பிள்ளை பெறுகிறது என்றார். சில கோணலாய்ப் பிறக்கும். கோணல்களில் பெரும்பாலானவை பிழைக்காது. ஏதோ ஒன்றுக்கு மட்டும் மேல்தோல் புதிதாக வாய்க்கும். உடம்பின் காவலர்கள் பழைய தோலைத் தேடிக்கொண்டிருக்க, அது உள்ளே போய்விடும். சிலவற்றுக்குக் கதவைத் திறக்கும் கைகூட முன்னைவிட லாகவமாக அமைந்துவிடும்.

"அப்படியானால் பழைய காவல் வீணா?" என்றார் மகாராஜா.

"முழு வீணில்லை மகாராஜா. போன வருஷம் படுத்துவிட்டீர்கள். இப்போது உட்கார்ந்து தும்முகிறீர்கள். ஆனால் பொம்மைக்கு வருஷாவருஷம் புது வேஷம் பார்த்து மாட்ட வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை."

மகாராஜா சிரித்தார். சிரிப்பு தும்மலில் முடிந்தது. வைத்தியருக்குச் சால்வை போர்த்தினார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"கழுதை காத்திருக்கிறதே, செங்கோடா. யாரை ஏற்றுவது?"

"வைக்கோல் பொம்மையை ஏற்றுங்கள் மகாராஜா. போன வருஷத் திருடனையே இந்த வருஷமும் எதிர்பார்த்து நின்றது அதுதான்." செங்கோடன் தளவாயை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "இன்னொருவரும் நின்றார். ஆனால் கழுதை ஒன்றுதானே இருக்கிறது."