மேட்டை நோக்கி உருண்ட பூனை

காரைப் புதரின் அடியில் கௌதாரிக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. எதிரே மணல்மேட்டின் உச்சியில் ஒரு காட்டுப்பூனை துள்ளி விளையாடியது. கௌதாரிகளை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தன் வாலைத் தானே துரத்தியது. குட்டிக்கரணம் போட்டது. நான்கு காலையும் தூக்கிக்கொண்டு உருண்டது.

குஞ்சுகள் மேய்ச்சலை மறந்தன. இந்தப் பைத்தியத்தால் யாருக்கும் கெடுதல் வராது என்று பெரியவைகளும் பேசிக்கொண்டன.

செம்பி என்ற கௌதாரிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அவள் இட்ட முட்டைகளில் பொரிந்து மிஞ்சியது ஒரே குஞ்சு. அதுவோ எல்லோருக்கும் முன்னால் நின்று வேடிக்கை பார்த்தது. கூப்பிட்டும் வரவில்லை.

தங்கை வெள்ளச்சி சிரித்தாள். "உனக்கு எதைக் கண்டாலும் சந்தேகம்தான் அக்கா. அது பாட்டுக்குத் துள்ளுகிறது. அதுகூடக் குற்றமா?"

"துள்ளுவதென்றால் கால் போன பக்கமெல்லாம் குதிப்பது. இது ஒரே பக்கமாகக் குதிக்கிறதே. உச்சியில் ஆரம்பித்தது, இப்போது எங்கே நிற்கிறது பார்."

பூனை பாதி மேடு இறங்கியிருந்தது. சரிவில் உருண்டால் கீழேதான் வரும் என்றாள் வெள்ளச்சி. அதுவும் நியாயமான வாதம்தான். ஆகவே செம்பி சோதித்துப் பார்த்தாள். பூனையை விட்டு எட்டச் சுற்றி மேட்டின் உச்சிக்கு ஏறினாள். அங்கே நின்று, பூச்சி அகப்பட்டால் கொடுக்கும் குரலைப் பொய்யாகக் கொடுத்தாள். குஞ்சு அவள் போன வழியே ஓடி வந்தது. மற்றக் குஞ்சுகளும் பின்னால் ஓடின.

பூனை அடுத்த குட்டிக்கரணத்தை மேல்நோக்கிப் போட்டது. பிறகு, சரிவில் ஏறி ஏறி உருண்டது.

வெள்ளச்சியின் சிரிப்பு நின்றது. "பறந்து போங்கள்!" என்று அலறினாள்.

பூனை பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலில் விளையாட்டு இல்லை. வாய் நிறைய மணல்தான் கிடைத்தது. குஞ்சுகளும் பெரியவைகளும் பூனை ஏற முடியாத முள் அடர்ந்த கருவேல மரத்தில் போய் ஒண்டின.

"விளையாட்டுக்குத்தானே செய்தேன், ஏன் பயந்தீர்கள்?" என்றது பூனை, மணலைத் துப்பியபடி.

"நாங்கள் இங்கேயே இருக்கிறோம். நீ விளையாடு," என்றாள் செம்பி.

பூனை ஒரு துள்ளல்கூடத் துள்ளாமல் நடந்து போயிற்று.

ஒருவன் போடும் ஆட்டமெல்லாம் நம் பக்கமே நகர்ந்து வந்தால், அவன் ஆடுவதை ரசிக்காமல் அவன் வருவதைக் கவனிக்க வேண்டும்.