பின்வாசல் வைத்த தேங்காய்

முன்னொரு காலத்தில், மந்திரமும் மாயமும் ஊருக்கு ஊர் திரிந்த காலத்தில், வெண்குன்றம் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரசர் போருக்குப் போயிருந்தார். அரண்மனையில் அவருடைய பிள்ளைகள் இருவரும் வேலையாட்களும்தான் இருந்தார்கள். மூத்தவள் காந்தள், இளையவன் வேழன். பேருக்குத்தான் வேழம், யானை. ஆள் அக்காவின் இடுப்புயரம்கூட இல்லை.

ஒருநாள் கரும்பூதன் என்ற மந்திரவாதி விருந்துக்கு வந்தான். ஒரு அண்டா கொழுக்கட்டையைத் தின்றுவிட்டு, தொந்தியைத் தடவிக்கொண்டே அடுத்த அண்டாவைக் கேட்டான். வேழன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

"என் தொந்தியைப் பார்த்தா சிரிக்கிறாய்?"

கரும்பூதன் விரலைச் சொடுக்கினான். வேழன் நின்ற இடத்தில் உள்ளங்கை அளவு வெள்ளெலி ஒன்று உட்கார்ந்து மீசையை ஆட்டியது.

காந்தள் அலறிக்கொண்டு மந்திரவாதியின் காலில் விழுந்தாள். "சின்னப் பிள்ளை, தெரியாமச் சிரிச்சுட்டான். மன்னிச்சிடுங்க!"

"மன்னிக்க மாட்டேன். விளையாடுவேன். வெள்ளெலி பகலில் தூங்கும். மூன்று நாளும் உச்சிவேளை நெருங்கும்போது தேடி வருவேன், உச்சி முரசு முழங்கினால் போய்விடுவேன். எங்கே வேண்டுமானாலும் ஒளித்து வை. அகப்பட்டால் அவன் என் வயிற்றுக்குள். மூன்றாம் நாள் உச்சி முரசு முழங்கும்வரை அகப்படாவிட்டால் அவன் உன் தம்பி, என் மந்திரமும் என்னைவிட்டுப் போகட்டும். வாளும் வேலும் என்மேல் பாயாது, தெரியுமல்லவா?"

அந்த நிமிஷத்திலிருந்து காந்தளுக்குச் சோறு இறங்கவில்லை. எங்கே வைப்பேன், எப்படிக் காப்பேன் என்று அரண்மனையைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

இளவரசன் அல்லவா, சாதாரண இடத்தில் வைக்க முடியுமா? முதல் நாள் கருவூலத்துப் பொற்பெட்டிக்குள் விட்டுப் பூட்டினாள். பூட்டென்றால் அப்படியொரு பூட்டு! ஆனால் உச்சிவேளை நெருங்கும்போது உள்ளே கரகரவென்று பிறாண்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. காந்தள் பதறிப்போய்த் திறந்தாள். காற்றில்லாமல் வேழன் துவண்டு கிடந்தான். அதற்காகவே காத்திருந்தது போல, ஜன்னலிலிருந்து தொந்தி பெருத்த பூனை ஒன்று பாய்ந்தது. தம்பியை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தில் கால்சிலம்பு ஒன்று கழன்று போயிற்று. முரசு முழங்கியது, பூனை மறைந்தது.

எங்கே வைப்பேன், எப்படிக் காப்பேன்? இரண்டாம் நாள் எலி அளவுக்குக் கண்ணாடிப் பளிங்கில் குட்டி மாளிகை ஒன்று செய்யச் சொன்னாள். காற்றுக்குத் துளை வைத்து, மெத்தைக்கு இலவம்பஞ்சு போட்டு, முற்றத்தில் வைத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேழனுக்கோ நான்கு பக்கமும் கண்களாகத் தெரிந்தன. தூங்காமல் நடுங்கிக்கொண்டே இருந்தான். கண்ணாடி போலத் தெரிகிற வீட்டை வானத்திலிருந்து பார்ப்பதா கஷ்டம்? தொந்தி பெருத்த பருந்து ஒன்று இறங்கி மாளிகையை நொறுக்கியது. ஓடப் பார்த்தான் வேழன். பஞ்சு காலில் சுற்றிக்கொண்டது! காந்தள் முந்தானையால் பருந்தை அடித்து விரட்டி, பஞ்சைப் பிய்த்து எறிந்தாள். அவ்வளவுதான், அவன் மடைப்பள்ளிக்கு ஓடி, கவிழ்ந்து கிடந்த ஓட்டைக் கொட்டாங்குச்சிக்குள் புகுந்துகொண்டான். முரசு முழங்கியது.

காந்தள் தரையில் குப்புறப் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு நாளில் முதல்முறையாக அவன் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தான். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்குப் பிடிச்சதையே பார்த்தேனே, உனக்கு என்ன வேணும்னு பார்க்கலையேடா!"

மூன்றாம் நாள், சமையற்காரர் சாத்தப்பர் இருப்பதிலேயே பெரிய தேங்காயில் ஓட்டை போட்டு, உள்ளே சுரண்டிச் சுத்தமாக்கி, உருளாமல் வைக்கோல் பிரிமணைமேல் வைத்தார். காந்தள் காய்ந்த புல்லைப் பரப்பினாள்.

"எலிக்கு இந்த வாசல் போதும் தாயி," என்றார் சாத்தப்பர்.

அப்போது வேழன் சிந்திக் கிடந்த தினையை வாயில் அடக்கிக்கொண்டிருந்தான். அடக்க அடக்க இரண்டு கன்னமும் பை போல உப்பின. தலை இருமடங்காகிவிட்டது. வாசலில் முட்டினான், நுழைய முடியவில்லை.

"ஐயோ, பெருசாக்குங்க! தப்பி ஓடப் பின்னாடியும் இதே அளவுக்கு ஒரு வாசல் வேணும். சீக்கிரம்!" என்றாள் காந்தள்.

சாத்தப்பர் முன்வாசலைப் பெரிதாக்கிப் பின்வாசலையும் சீவி முடித்தாரோ இல்லையோ, வேழன் உள்ளே போய்த் தினையைக் குவித்துவிட்டுச் சுருண்டான். அம்மிக்குப் பின்னாலிருந்து சரசரவென்று வந்தது பாம்பு. தொந்தி பெருத்த பாம்பு! சாத்தப்பர் அரிவாளால் ஓங்கி வெட்டினார், அரிவாள்தான் இரண்டாக முறிந்து விழுந்தது. பாம்பு முன்வாசலில் தலையை விட்டது.

"வேழா, பின்னாடி ஓடுடா!"

வேழன் ஓடவில்லை. தினையைக் கன்னத்தில் அடக்கத் தொடங்கினான்.

"அதை விட்டுத் தொலைடா! ஓடுடா!"

பாம்பின் நாக்கு அவன் முதுகைத் தொடப் போனது. கடைசித் தினையையும் எடுத்துக்கொண்டுதான் உப்பிய கன்னத்தோடு பின்வாசல் வழியாக வெளியே வந்து விழுந்தான். பழைய அளவு வாசலாக இருந்தால் அங்கேயே சிக்கியிருப்பான். பாம்பும் விடாமல் பின்வாசலில் தலையை நீட்டியது. நீட்டி என்ன? தொந்தி முன்வாசலில் மாட்டிக்கொண்டது! முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை.

முரசு முழங்கியது.

மந்திரம் போன கரும்பூதன் பாம்பாகவே நின்றுவிட்டான். தேங்காயை இடுப்பில் மாட்டிக்கொண்டு டொக் டொக்கென்று படியிறங்கிக் காட்டுக்குள் போனவன் திரும்பவே இல்லை.

அடுப்படியில் வேழன் மனிதப் பிள்ளையாக நின்றான். கன்னம் மட்டும் உப்பியே இருந்தது. காந்தள் அவனைக் கட்டிக்கொண்டு முதுகில் இரண்டு போட்டாள்.

"உயிர் போற நேரத்துல தினை பெருசாடா உனக்கு?"

வேழன் உள்ளங்கையில் தினையைத் துப்பி அவளிடம் நீட்டினான்.

"நீ மூணு நாளா ஒண்ணுமே சாப்பிடலையே அக்கா."

வெண்குன்றத்து இளவரசி அடுப்படித் தரையில் உட்கார்ந்து, அந்த எச்சில் தினையை ஒரு மணி விடாமல் தின்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் பசித்திருக்கவில்லை. நீங்களும் போய்ச் சாப்பிடுங்கள்.